பிரேக் ஆயில்: வீட்டிலேயே மாற்றலாம், காற்று புகாமல்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அந்த வழியாகக் கீழே இறங்கக் கூடாது என்று தடுத்து நிறுத்தும் அளவுக்கு அங்கே விபத்துகள் நடந்திருக்கின்றன. சமவெளியில் பழகிய கால், இறக்கத்தில் பிரேக்கை விட்டு எழுவதே இல்லை. நாலு பேர் உட்கார்ந்த ஒரு சிறிய கார், மொத்தம் 1,250 கிலோ என்று வையுங்கள், 1,200 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த உயரத்தால் வண்டிக்குக் கிடைத்திருக்கும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், ஐம்பது லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அது போதும். கியரைக் குறைத்து இறங்கினால் அதில் நல்ல பங்கை எஞ்சினே வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பெரும்பங்கு டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் போகிறது. டிஸ்க்கிலிருந்து பேட் வழியாக காலிப்பருக்கு. காலிப்பருக்குள் நிற்கும் பிரேக் ஆயிலுக்கு.

அந்த ஆயில் எத்தனை டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டாட் 3 என்று அச்சிட்ட புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும். டாட் 4 என்றால் 230. அதே ஆயிலில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் தரக்கட்டுப்பாடு எதிர்பார்க்கும் அளவு டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 என்று இறங்கிவிடுகிறது. நூற்றில் நாலு பங்குகூட இல்லாத தண்ணீர், எழுபது டிகிரியைத் தின்றுவிடுகிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்துதான். பிரேக் ஆயில் என்று கேட்டு வாங்கினாலும் அதில் பெட்ரோலிய எண்ணெய் கிடையாது. கிளைக்கால் வகை வேதிப்பொருள்களால் ஆனது அது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் இயல்பு. ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும், பிரேக் ஆயில் நிற்கும் டப்பா மூடியின் சிறு துளை வழியாகவும், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறுகிறது. இதைக் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. உறிஞ்சாவிட்டால் தண்ணீர் தனியாகப் பிரிந்து காலிப்பரின் அடியில் தேங்கி நிற்கும். அங்கே துரு பிடிக்கும், நூறு டிகிரியைத் தாண்டியதுமே ஆவியாகும். கரைத்து வைத்துக்கொள்வது அதைவிட மேல். ஆனால் கரைத்துக் கரைத்து ஒரு கட்டத்தில் ஆயிலே பலவீனமாகிவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலான கார், பைக் கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. ஓடிய கிலோமீட்டர் குறைவு என்பது இங்கே சலுகை ஆகாது. நின்ற இடத்திலேயே நின்றாலும் ஆயில் ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

பெடலை மிதிக்கும்போது உங்கள் காலின் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டு போவது திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் கொடுத்த அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். ஆவியோ காற்றோ அப்படியில்லை, அமுக்கினால் சுருங்கும். காலிப்பரில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், உங்கள் மிதி அந்தக் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இதைத்தான் மெக்கானிக்குகள் ஏர் லாக் என்கிறார்கள்.

பேட் சூடேறிப் பிடிமானம் குறைவது வேறு கோளாறு. அதில் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். ஆயில் கொதித்தால் பெடலில் பிடிப்பே இருக்காது. மலையில் இரண்டும் ஒன்றாகவும் வரலாம். ஆயில் கொதித்த வண்டியை ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். மறுநாள் பட்டறையில் காட்டினால் ஒரு குறையும் தெரியாது. ஊருக்குள் ஓட்டும்போதும் தெரியாது, ஏனென்றால் அங்கே காலிப்பர் அந்தச் சூட்டுக்கு ஏறுவதே இல்லை. ஆகவே "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்பது ஆயில் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. காலண்டரைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். கறுத்துப் போன ஆயில் பழையது என்று சொல்லலாம். தெளிவாக இருக்கும் ஆயில் நல்லது என்று சொல்ல முடியாது, கரைந்த தண்ணீருக்கு நிறம் கிடையாது.

இந்த வேலையை வீட்டில் செய்யலாமா? ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உள்ளவர்கள் செய்யலாம். சொந்தமாக டயர்கூட மாற்றியதில்லை என்றால், முதல் பாடத்தைப் பிரேக்கில் ஆரம்பிக்க வேண்டாம். பைக்கில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் காருக்கு வருவது நல்ல வரிசை.

முதலில் ஆயில். எந்த வகை என்று டப்பாவின் மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனாலும் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். டாட் 5.1 இதே கிளைக்கால் குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கோனால் ஆனது, மற்றவற்றோடு சேராது, ஏபிஎஸ் வண்டிகளுக்கும் ஆகாது. ஒரு புள்ளியும் ஓர் எண்ணும்தான் வித்தியாசம், கடையில் நின்று நிதானமாகப் படித்து வாங்குங்கள். முத்திரை உடைக்காத பாட்டிலாக வேண்டும். போன வருடம் திறந்து பாதி மீதம் வைத்த பாட்டில் அலமாரியில் இருந்தால் அது ஏற்கெனவே ஈரம் குடித்தது. சிறிய காருக்கு ஒரு லிட்டர் இருந்தால் தாராளம். பைக்கின் முன் பிரேக்குக்கு 250 மில்லியே மிஞ்சும்.

எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் போன்ற எதையும் தவறிக்கூட இந்த டப்பாவில் ஊற்றிவிடக் கூடாது. பிரேக்கின் ரப்பர் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். பிறகு பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். எஞ்சின் ஆயில் ஊற்றிய புனலையே இதற்கும் எடுப்பதுகூட வேண்டாத வேலை.

கருவிகள் அதிகம் இல்லை. சக்கரத்தருகே ஆயிலை வெளியே விடும் ப்ளீடர் நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் ஒன்று; பைக்குகளில் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், கார்களில் 8 அல்லது 10. முனை திறந்த ஸ்பேனர் வேண்டாம், நிப்பிளின் மூலைகளை மழுக்கிவிடும். மீன் தொட்டிக்குக் காற்று விடும் ஒளி ஊடுருவும் ட்யூப் ஒரு முழம், நிப்பிள் மேல் இறுக்கமாக உட்கார்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மருந்துக் கடையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச். கண்ணாடி பாட்டில், பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர். தண்ணீர் எதற்கென்றால், இந்த ஆயில் பெயிண்டை அரித்துவிடும். பைக் டாங்க்கில் ஒரு சொட்டு விழுந்து பத்து நிமிடம் இருந்தாலே தடம் நிற்கலாம். துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் தெறித்தால் எரியும்.

காரைத் தூக்க வேண்டியிருந்தால் சமதளத் தரை, சக்கரங்களுக்கு அணைக்கட்டை, ஜாக்கியோடு சேர்த்து இரும்பு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கியோ வண்டிக்கு அடியில் கை நீட்டுவதை யார் செய்தாலும் தடுங்கள். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

தொடங்குவதற்கு முன் ஒரு ஒத்திகை உண்டு. நாலு நிப்பிள்களும் கழல்கின்றனவா என்று பாருங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இவற்றைக் கடித்து இறுக்கி வைத்திருக்கும். மேலே ரப்பர் தொப்பி காணாமல் போயிருந்தால் இன்னும் மோசம். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து முதல் நாள் இரவே விட்டுவிடுங்கள். மறுநாள் லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்து, பிறகு தளர்த்துங்கள். நிப்பிளின் நடுவில் துளை இருப்பதால் அது பலமில்லாதது. மல்லுக்கட்டினால் ஒடிந்துவிடும். ஒடிந்தால் காலிப்பரையே கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அசைய மறுக்கிற நிப்பிளை விட்டுவிட்டு வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போவது தோல்வி ஆகாது.

இனி வேலை. டப்பாவின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மூடியைத் திறங்கள். சிரிஞ்ச்சால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுங்கள், ஆனால் அடிவரை வறட்டக் கூடாது. அடியில் உள்ள துளைகள் ஆயிலில் மூழ்கியே இருக்க வேண்டும். புதிய ஆயிலை மேல் கோடு வரை ஊற்றுங்கள். இப்படிச் செய்யாமல் தொடங்கினால் டப்பாவில் கிடக்கும் கறுப்பு ஆயில் முழுவதையும் குழாய்கள் வழியாகத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது பொது வழக்கம். நம் ஊர் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால் பின்னால் இடது, பின்னால் வலது, முன்னால் இடது, முன்னால் வலது என்று வரும். ஆனால் பல கார்களில் குழாய்கள் குறுக்காக, ஒரு முன் சக்கரத்தோடு எதிர்ப்பக்கப் பின் சக்கரம் என்று இணைந்திருக்கும். அவற்றுக்கு நிறுவனமே வேறு வரிசை கொடுத்திருக்கக்கூடும். கையேடு சொல்வதே கடைசிச் சொல்.

எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். நிப்பிள் மேல் முதலில் ரிங் ஸ்பேனர், அதன் மேல் ட்யூப். ட்யூப்பின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் புதிய ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். ட்யூப் நிப்பிளிலிருந்து மேல்நோக்கி ஒரு வளைவு போட்டுப் பிறகு இறங்கினால் குமிழ்கள் தெளிவாகத் தெரியும்.

சக்கரத்தடியில் இருப்பவர் "மிதிங்க" என்கிறார். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்து, "பிடிச்சிருக்கேன்" என்கிறார். சக்கரத்தடியில் இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறார். ஆயில் பாய்கிறது, பெடல் இறங்குகிறது. பெடல் கீழே போய்ச் சேருவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட்டு, "இப்ப விடுங்க." அதன் பிறகே கால் மேலே வரலாம். இந்த வேலையில் ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்வதென்றால் அது இதுதான்: நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வரக் கூடாது. வந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். செல்போன் இருவர் கையிலும் வேண்டாம்.

பெடலைத் தரைவரை அழுத்தாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் சீல் தினமும் ஓடிய தூரம் வரைக்கும் உள்சுவர் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் பல ஆண்டு அழுக்கும் துருவும் படிந்திருக்கலாம். பழைய வண்டியில் முழு மிதி மிதித்தால் சீலின் விளிம்பு அந்தச் சொரசொரப்பில் உராய்ந்து கிழியலாம். ஆயில் மாற்றிய மறு வாரமே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று புலம்பும் சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் கவலை இல்லை.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டை நெருங்குவதற்குள் ஊற்றுங்கள். டப்பா வறண்டுவிட்டால் மேலிருந்தே காற்று போய்விடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காற்றை வெளியே எடுக்க உட்கார்ந்தவர்கள் காற்றை உள்ளே விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ட்யூப்பில் வரும் ஆயில் பழுப்பிலிருந்து தெளிந்து, குமிழ் இல்லாமல் வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. தூரத்துச் சக்கரத்துக்கு நேரம் அதிகம் பிடிக்கும், மற்றவை சீக்கிரம். நிப்பிளை அளவாக இறுக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, ரப்பர் தொப்பியை மாட்டுங்கள். சில கார்களில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது. அதற்கும் தனி நிப்பிள் உண்டு.

உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் நிப்பிளில் மாட்டி உறிஞ்சும் வெற்றிடப் பம்பு வாங்கலாம். அது வேலை செய்யும். ஆனால் நிப்பிளின் மரை இடுக்கு வழியாகவும் வெளிக்காற்று உறிஞ்சப்படும், ட்யூப்பில் முடிவே இல்லாமல் குமிழ் வரும். பிரேக்கில் இன்னும் காற்று இருக்கிறது என்று நினைத்து ஒரு பாட்டிலையே காலி செய்துவிடுவார்கள். முதல்முறை செய்பவருக்கு என் சிபாரிசு இரண்டு பேர் முறைதான்.

பைக்கில் கோட்பாடு ஒன்றே, அளவு சிறியது. ஹேண்டிலைத் திருப்பி டப்பா சமமாக நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். டாங்க்கை ஈரத்துணியால் மூடிவிடுங்கள். மூடியின் இரண்டு ஸ்க்ரூக்களும் மென்மையானவை, சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்தித் திருப்பாவிட்டால் தலை வழுக்கிவிடும். மூடி திறந்திருக்கும்போது லீவரைச் சட்டென்று அழுத்தினால் ஆயில் ஊற்று மாதிரி பீறிடும், மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு அழுத்துங்கள். எவ்வளவு காற்று எடுத்தும் லீவர் பஞ்சு மாதிரியே இருந்தால் மெக்கானிக்குகள் செய்யும் ஒரு வித்தை இருக்கிறது. லீவரை இழுத்து ஹேண்டிலோடு கயிற்றால் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காலையில் அவிழ்த்துச் சில தடவை மெல்ல அசைத்தால், மேல் வளைவுகளில் ஒட்டியிருந்த நுண்குமிழ்கள் டப்பாவுக்கு ஏறிவிடும். பல நேரம் பலிக்கிறது.

ஏபிஎஸ் உள்ள வண்டிகள் இப்போது அதிகம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கும் கார்களுக்கும் அது கட்டாயமாகிவிட்டது. காற்று புகாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் மேலே சொன்ன முறையே பெரும்பாலான ஏபிஎஸ் வண்டிகளுக்கும் போதும். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் கொஞ்சம் பழைய ஆயில் தங்கும், அவ்வளவுதான். ஆனால் டப்பா வறண்டு யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால், பல வண்டிகளில் அதன் வால்வுகளைத் திறந்து மூட ஸ்கேனர் வேண்டும். மிதித்து மிதித்து வெளியேற்றப் பார்ப்பது வீண்.

எல்லாம் முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பு பெடலைப் பல தடவை மிதித்துக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் நிலையாக மிதித்துப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளுக்குள் விட்டுவிட்டது. அந்த வண்டி தெருவில் இறங்கக் கூடாது. சரியாக இருந்தால் நடக்கும் வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள், திரும்பி வந்து நாலு நிப்பிள்களிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பிறகு சில மாதங்களில் டப்பாவில் அளவு கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்தால் உடனே ஊற்றி நிரப்பத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பேட் தேயத் தேய காலிப்பரின் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே போகும். அளவு இறங்குவது பேட் தேய்ந்ததன் கணக்கு. நிரப்பி வைத்தால், புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ள, மிஞ்சிய ஆயில் மூடி வழியாக வழிந்து எஞ்சின் அறையின் பெயிண்டில் விழும். பேட் நன்றாக இருந்தும் அளவு குறைந்தால் அது கசிவு, தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது.

பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். மூடியை இறுக்கி, மேலே பெரிதாக எழுதி ஒட்டி, பழைய ஆயிலை முறையாகச் சேர்த்து அனுப்பும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். எஞ்சின் ஆயில் பீப்பாயில் கலக்காமல் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்: வெளிர் மஞ்சள் நிறத்தில் இருக்கும் இது நஞ்சு, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் புதிய ஆயிலையும் அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். மாற்றிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், வண்டியை விற்கும்போது வாங்குகிறவருக்கும் அது உதவும்.